மூணு கட்டைக்குக் கீழே: நாலு கம்பி பேஸா, ஐந்து கம்பி பேஸா?

கோத்தகிரியில் ஒரு கல்யாண மேடை. தை மாசக் குளிரில் பாடகருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "அண்ணே, மூணு வேண்டாம், ரெண்டுல எடுத்துக்கலாம்" என்றார். கட்டை என்பது பாடகர் ஷட்ஜமாகப் பிடிக்கும் சுருதி, எண் குறைந்தால் சுருதியும் இறங்கும். கீபோர்டுக்காரர் ஒரு பட்டனைத் தட்டினார், அவர் வேலை முடிந்தது. கிட்டார்காரர் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்பான கேப்போவை நகர்த்திக்கொண்டார். என் கையில் நாலு கம்பி பேஸ் கிட்டார். மூணு கட்டையில் அதன் மிகக் கீழ்க் கம்பியே ஷட்ஜம். விரலே வைக்காமல் தட்டினால் பந்தல் அதிரும். ரெண்டு கட்டைக்கு அங்கே இடமே இல்லை. அடுத்த கம்பியான ஏ கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) ஏறினேன். சுரம் சரிதான், ஆனால் ஒரு ஸ்தாயி மேலே. தரைத்தளம் முதல் மாடிக்குப் போன மாதிரி இருந்தது பாட்டு.

நாலா ஐந்தா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதனால்தான்: உங்கள் பாடகர் எத்தனை கட்டை?

கணக்கு எளிது. நாலு கம்பி பேஸின் சுருதி கீழிருந்து மேலாக ஈ, ஏ, டி, ஜி. கீழ் ஈ 41.2 ஹெர்ட்ஸ், நம் வழக்கில் மூணு கட்டை. ஆண் குரல்கள் அதிகம் நிற்கும் ஒன்று, ஒன்றரை, ரெண்டு, ரெண்டரை எல்லாமே அந்த ஈ கம்பிக்குக் கீழே விழுகின்றன. ஐந்தாவதாகச் சேரும் பி கம்பி 30.9 ஹெர்ட்ஸ், அதாவது கீழ் ஏழு கட்டை. அதன் முதல் ஃப்ரெட் ஒன்று, ரெண்டாவது ஒன்றரை, மூன்றாவது ரெண்டு, நாலாவது ரெண்டரை. அன்று என்னிடம் இல்லாதது மொத்தமும் அந்த நாலு கட்டத்துக்குள் இருக்கிறது. ஐந்து, ஐந்தரையில் பாடும் பெண் குரல்களுக்கு ஈ கம்பியின் மூன்றாம், நாலாம் ஃப்ரெட் போதும். அங்கே ஐந்தாவது கம்பிக்குப் பெரிய வேலையில்லை.

லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951இல் வந்தபோது, நின்றபடி வாசிக்கும் டபுள் பேஸின் சுருதியை அப்படியே எடுத்துக்கொண்டது. அதே கம்பெனி 1965இல் ஐந்து கம்பியில் ஒன்று விட்டது. வேடிக்கை என்னவென்றால், சேர்த்த கம்பி கீழே இல்லை, மேலே. உயர்ந்த சி. அது ஓடவில்லை. இன்று நாம் ஐந்து கம்பி என்று சொல்லும் கீழ் பி வகை 1970களில்தான் தலைகாட்டியது.

இதுவரை படித்தால் ஐந்துக்கே ஓட்டு என்று தோன்றும். மேடையில் அப்படி முடிவதில்லை. 31 ஹெர்ட்ஸைக் காற்றில் தள்ளப் பெரிய ஸ்பீக்கரும் தாராளமான வாட்ஸும் வேண்டும். ஸ்பீக்கரும் ஆம்பும் ஒரே பெட்டியில் இருக்கும் பத்து அங்குல காம்போ ஆம்பில் பி கம்பியைத் தட்டினால் காதுக்கு வருவது அதன் ரெண்டாம் மடங்கு 62 ஹெர்ட்ஸும் அதற்கு மேலுள்ளவையும்தான். அடி ஒலி ஆம்பிலேயே தங்கிவிடும். போன வருஷம் ஒரு ஹாலில், அவர்களுடைய ஸ்பீக்கரில் ஐந்து கம்பியைச் சொருகி, கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போனேன். கோன் கிழிந்தது. தவறு ஸ்பீக்கரிடம் இல்லை.

கல்கட்டட சர்ச்சுகளில் நிலைமை நேர் எதிர். உயரமான கூரை, வெறும் சுவர். கீழ் ஒலி உள்ளே போனால் வெளியே வர மனமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கே பி கம்பியில் ரெண்டு சுரம் அடுத்தடுத்து வாசித்தால் கஞ்சிதான். ஞாயிறு ஆராதனைக்கு இன்றும் நான் எடுத்துப்போவது நாலு கம்பி. கீர்த்தனை ரெண்டரைக் கட்டையில் இருந்தாலும் ஏ கம்பியின் ஆறாம் ஃப்ரெட்டிலிருந்தே தொடங்குகிறேன். குறை சொன்னவர் யாருமில்லை.

கைக்கு வருவோம். பேசப்படாத சிக்கல் இங்கேதான். நாலு கம்பியில் கட்டை விரலை கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பின் மேலோ ஈ கம்பியின் மேலோ ஊன்றினால் கவலை தீர்ந்தது. ஐந்தில் பி கம்பி சும்மா இருக்காது. ஏ கம்பியின் ரெண்டாம் ஃப்ரெட்டைத் தட்டுங்கள், அது 61.7 ஹெர்ட்ஸ். பி கம்பியின் ரெண்டாம் மடங்கும் அதுவே. தொடாமலே பி முனகும். ஆகவே கட்டை விரல் கம்பிகளின் மேல் மிதந்துகொண்டே போய், வாசிக்காத கம்பியை அமர்த்த வேண்டும். பழக எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அதில் முதல் மாதம் ஈ என்று நினைத்து பி கம்பியைத் தட்டிய மாதம்.

பழகியபின் கிடைக்கும் லாபம் ஆழம் மட்டுமில்லை. பி கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டே ஈ. அதனால் கையை ஓரிடத்தில் வைத்துக்கொண்டே கிட்டத்தட்ட ரெண்டு ஸ்தாயி எட்டலாம். நடுப்பாட்டில் சுருதி மாறினால் அதே விரலமைப்பை அப்படியே தள்ளிவைத்தால் போதும். படுகர் ஊர்களான ஹட்டிகளில் ஆட்டம் களைகட்டிவிட்டால் பாட்டை நிறுத்த விடமாட்டார்கள். ஒரே சுழற்சியைக் கால் மணி நேரம் ஓட்டும்போது கை அலையாமல் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று தோள்பட்டைக்குத்தான் தெரியும். தோள்பட்டைக்கே ஐந்து கம்பியின் கூடுதல் எடையும் தெரியும், அது வேறு விஷயம். இளையராஜா பாடல்களில் பேஸ் தனி மெட்டாகவே நடக்கும். அந்த நடைக்கு எனக்கு இன்னும் நாலு கம்பியின் ஒல்லிக் கழுத்துதான் பிடிக்கும்.

மலையில் சுருதி சேர்ப்பது தனிக்கதை. எஃகு குளிரில் சுருங்கும், மரக்கழுத்து அந்த அளவுக்குச் சுருங்காது. மேட்டுப்பாளையத்தில் சேர்த்துவிட்டு சுமார் 1,900 மீட்டர் ஏறி ஊட்டியில் பையைத் திறந்தால், எல்லாக் கம்பியும் சற்று ஏறி நிற்கும். அவசரப்பட்டு இறக்கினால் மேடை விளக்கிலும் விரல் சூட்டிலும் மறுபடி இறங்கிவிடும். பையைத் திறந்து அரை மணி நேரம் மேடையிலேயே வைத்துவிட்டுப் பிறகு சேருங்கள். இது ரெண்டு பேஸுக்கும் பொது.

வேறுபாடு பி கம்பியில். கிளிப் ட்யூனருக்கு 31 ஹெர்ட்ஸ் எளிதில் பிடிபடாது, முள் தள்ளாடும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் விரலை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் எடுங்கள், 62இல் முள் நிற்கும். மெதுவாகத் தட்டுங்கள். தடித்த கம்பியை ஓங்கி அடித்தால் முதலில் சுருதி ஏறி அப்புறம் இறங்கும். ஐந்தாம், ஏழாம் ஃப்ரெட் ஹார்மோனிக்குகளை ஒப்பிட்டுக் கம்பிக்குக் கம்பி சேர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு தாவலிலும் ரெண்டு சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) பிசகும். நாலு கம்பியில் அது ஆறு, ஐந்தில் எட்டு. ஓரத்திலிருந்து தொடங்காமல் ஏ கம்பியை ட்யூனரில் சேர்த்து இருபக்கமும் போனால் பிசகு பாதியாகப் பிரியும்.

மழைக்காலத்தில் கழுத்து வளைவதும் உண்டு. கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில். ஐந்து கம்பிக் கழுத்து கூடுதலாக ஏறத்தாழ 15 கிலோ இழுவையைத் தாங்குகிறது. கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்பாதீர்கள். பி கம்பி தளர்வாகக் கடகடத்தால் கம்பி நீளம் 35 அங்குலமான பேஸ் நல்லது. வழக்கமான 34ஐவிட இழுவை கூடும், ஆனால் குட்டைக் கைக்காரருக்கு முதல் ஃப்ரெட் தூரம்.

நடுவழிகளும் உண்டு. ஈ கம்பியை டிக்கு இறக்கினால் ரெண்டும் ரெண்டரையும் கைக்கு வரும், செலவு பூஜ்யம். அந்த ஒரு கம்பியில் மட்டும் விரலிடம் ரெண்டு ஃப்ரெட் தள்ளிப்போகும், ஞாபகம் வேண்டும். இன்னொன்று, நாலு கம்பியிலேயே பி, ஈ, ஏ, டி கட்டுவது. பி கம்பியின் 0.130 அங்குலத் தடிமனுக்கு, கழுத்தின் தலைப்பக்கம் கம்பி அமரும் நட்டின் பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்த வேண்டும், மறுமுனையில் கம்பியைத் தாங்கும் சேடிலையும் பின்னுக்கு நகர்த்த வேண்டும். ஜி கம்பி போய்விடும். பழைய பேஸ் ஒன்று சும்மா கிடந்தால் நான் இதைத்தான் செய்வேன்.

சர்ச் பாடகர் குழுவில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நாலு கம்பியே வாங்கச் சொல்கிறேன், மிச்சக் காசை ஆம்பில் போடச் சொல்கிறேன். மெல்லிசைக் குழுவில் ஒன்றரைக் கட்டைப் பாடகரோடு மாதம் நாலு மேடை ஏறுகிறவர் ஐந்துக்குப் போகலாம், பதினைந்து அங்குல ஸ்பீக்கர் வேனில் கூட வருமானால். அந்தக் கல்யாணத்துப் பாடகர் இப்போதும் எங்கள் குழுவில்தான் இருக்கிறார். தை பிறந்தால் அவரோடு போகும் மேடைகளுக்கு ஐந்து கம்பியை எடுத்துக்கொள்கிறேன். சித்திரையில் அவர் தொண்டை மூணு கட்டைக்குத் திரும்பிவிடும்.