கிட்டா, கைப்பக்குவமா?

பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட் டி.என்.ஏ.வை (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டி.என்.ஏ. வளையத்தை) பிரித்தெடுக்க இளநிலை மாணவர்களுக்கு இரண்டு வழிகளில் கற்றுத்தரலாம். ஒன்று, கரைசல்களெல்லாம் தயாராக அடைத்துக் கடையில் கிடைக்கும் கிட். மற்றொன்று, 1979-இல் பிர்ன்பாய்ம், டோலி என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட காரச் சிதைவு முறையை, அதாவது காரக் கரைசலால் செல்லை உடைக்கும் முறையை, கையாலேயே செய்வது.

கிட்டில் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். சிலிக்கா சவ்வு டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும், கழுவி இறக்க வேண்டியதுதான். தூய்மைக்கும் குறைவில்லை. ஆனால் 'இரண்டாவது குப்பியில் என்ன இருக்கிறது?' என்று கேட்டால் வகுப்பே கூரையைப் பார்க்கும்.

கைமுறையில், சோடியம் ஹைட்ராக்சைடும் எஸ்.டி.எஸ். என்ற சோப்பு போன்ற பொருளும் கலந்த அந்த இரண்டாவது குப்பிக் கரைசலை மாணவரே தயாரிக்கிறார். அதைச் சேர்த்ததும் பாக்டீரியாக் கலங்கல் தெளிந்து, வெண்டைக்காய்க் கொழகொழப்புபோல இழுபடும். பொட்டாசியம் அசிடேட் விழுந்ததும் பால் திரிந்தாற்போல வெள்ளைத் திரள் எழும். குரோமோசோம் டி.என்.ஏ. அதில் சிக்கிக்கொள்ள, சிறிய வட்டமான பிளாஸ்மிட் காரத்தில் பிரிந்த தன் இழைகளை மீண்டும் இணைத்துக்கொண்டு கரைசலிலேயே தங்கிவிடும். குழாயை மெல்லக் கவிழ்த்துக் கலக்காமல் வேகமாகக் குலுக்கியவருக்கு, டி.என்.ஏ.வை ஓடவிட்டுப் பார்க்கும் ஜெல்லில், உடைந்த குரோமோசோம் துண்டுகள் இழுவிய கறையாகத் தெரியும். நான் பத்து முறை சொல்லியும் புரியாததை அந்தக் கறை ஒரே நாளில் புரியவைத்துவிடும்!

தொல்லைகளும் உண்டு. நேரம் பிடிக்கும், ஆர்.என்.ஏ. மிச்சமிருக்கும், கடைசியில் டி.என்.ஏ.வை வீழ்படியவைக்கும் எத்தனாலோடு சேர்த்து அந்த டி.என்.ஏ. வீழ்படிவையும் கொட்டிவிட்டு விழிப்பவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார்.

டி.என்.ஏ. வரிசை அறிய அனுப்பும் மாதிரி என்றால் கிட்டே போதும். ஆனால் முதல் செமஸ்டரில் அதன் உறையைப் பிரிக்கவே நான் விடமாட்டேன்.