நோயுற்ற குழந்தைகளைப் பார்க்கப் போகும் நாய்: வீட்டில் பழக்கலாமா, வகுப்புக்கு அனுப்பலாமா?

மருத்துவமனையில் நோயுற்ற குழந்தைகளுக்கு ஆறுதலாகப் போகும் நாய்க்கு மூன்று வழிகளில் பயிற்சி தரலாம். நாமே வீட்டில் பழக்கலாம், வகுப்புக்குக் கூட்டிப்போகலாம், இல்லை டிரெயினரிடம் சில வாரம் விட்டுவைக்கலாம்.

மூன்றாவது எனக்கு உடன்பாடே இல்லை. திரும்பி வரும் நாய் 'உட்கார்', 'படு' எல்லாம் அழகாகச் செய்யும். ஆனால் வார்டுக்குள் கயிற்றைப் பிடித்துப் போகப்போவது நாம்தானே? இப்படிப்பட்ட நாய்களைச் சோதித்துப் பதிவு செய்யும் அமெரிக்க அமைப்பான பெட் பார்ட்னர்ஸ், நாயையும் அதைக் கூட்டிவருபவரையும் ஒரே அணியாகத்தான் சோதிக்கிறது. நாய்க்கு ஒரு வயதாவது ஆகியிருக்க வேண்டும், வீட்டுக்கு வந்து 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

வகுப்பில் வேறு நாய்களும் புது மனிதர்களும் இருப்பார்கள். பக்கத்தில் ஒரு நாய் குரைக்கும்போதும் நம் முகத்தைப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் வரும். ஆனால் குழந்தைகள் வார்டு வேறு உலகம். திடீரென்று வீறிட்டு அழுவார்கள், காதைப் பிடித்து இழுப்பார்கள், பக்கத்தில் சலைன் ஸ்டாண்ட் கடகடவென்று உருளும்.

இதற்கெல்லாம் வீடுதான் சரி. காதை மெல்லத் தொட்டு ஒரு தின்பண்டம், அடுத்த நாள் கொஞ்சம் அழுத்திப் பிடித்து ஒன்று. தட்டை முதலில் தூரத்து அறையில் போட்டுச் சத்தம் காட்டி, பிறகு மெல்ல மெல்லக் கிட்டே வரலாம். மிக முக்கியம் 'விடு' என்ற கட்டளை. தரையில் ஒரு மாத்திரை விழுந்தால் நாய் அதில் வாய் வைக்கக் கூடாது. மூடிய கைக்குள் தின்பண்டத்தை வைத்து, மூக்கால் முட்டுவதை நிறுத்திப் பின்வாங்கிய பிறகே இன்னொரு கையால் வேறொன்று கொடுங்கள்.

நாயின் முகத்தைப் படிக்கவும் வீட்டில்தான் நாம் கற்றுக்கொள்கிறோம். சாப்பாடு இல்லாமலே உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது: இதெல்லாம் நாய் 'போதும்' என்று சொல்வதாக அர்த்தம். குழந்தை இன்னும் கேட்டாலும் அப்போது கிளம்பிவிட வேண்டும்.

வீட்டுப் பயிற்சியின் குறை நம் பாசம். 'எங்க நாய் ஒண்ணும் பண்ணாது' என்று நம்பிவிடுவோம். அதனால் அடிப்படையை வீட்டில் போட்டுவிட்டு, அப்புறம் சில மாதம் வகுப்புக்குப் போவதே என் தேர்வு. அலையன்ஸ் ஆஃப் தெரபி டாக்ஸ் என்ற இன்னொரு அமெரிக்க அமைப்பில், அனுபவசாலி ஒருவர் கூட இருந்து பார்க்கும் சந்திப்புகளையும் முடித்தால்தான் சேர முடியும். அப்படி வெளியாள் ஒருவரின் கண் வேண்டும்.

எந்த வழியானாலும் பச்சை இறைச்சி மட்டும் கூடாது. அதிலுள்ள சால்மொனெல்லா நாய்க்கு ஒன்றும் செய்யாமலே எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைக்குத் தொற்றலாம். நேரத்திலும் கவனம் வேண்டும்: பெட் பார்ட்னர்ஸ் ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் இப்படிப் பார்க்கப் போக நாயை அனுமதிப்பதில்லை. முதல் சில முறை அரை மணி நேரமே தாராளம்.