ஐந்தாம் மாச ஸ்கேனா, ஃபீட்டல் எக்கோவா, பிறந்த பிறகு எக்கோவா?

சென்னையில் மாசமாக இருப்பவர்களுக்கு ஐந்தாம் மாச ஸ்கேன் எப்படியும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ரிப்போர்ட்டில் இதயத்தின் நான்கு அறைகளும் இயல்பு என்று வந்துவிட்டால் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, வயிற்றில் இருக்கும் குழந்தையின் இதயத்தை மட்டும் பார்க்கும் தனி ஸ்கேனான ஃபீட்டல் எக்கோ வேண்டாம் என்று முடிவு செய்வது எல்லாருக்கும் சரிவராது என்பதுதான் என் கட்சி.

ஐந்தாம் மாச ஸ்கேனின் பெரிய பலம், அது எல்லாருக்கும் எடுக்கப்படுவது. 18 முதல் 22 வாரத்துக்குள் மூளை, முதுகெலும்பு, சிறுநீரகம், கை கால் எல்லாம் பார்க்கிறார்கள், இதயத்துக்கு அதில் சில நிமிடங்கள்தான். ஒரு பக்கக் கீழறை வளரவே இல்லை என்பது போன்ற குறை அங்கேயே மாட்டிவிடும். ஆனால் மகாதமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறி முளைத்திருக்கும் டி.ஜி.ஏ.வில் நான்கு அறைகளும் பெரும்பாலும் இயல்பாகவே தெரியும். ஸ்கேன் செய்பவர் வயிற்றில் வைக்கும் கருவியை (புரோப்) குழந்தையின் தலைப்பக்கமாக இன்னும் கொஞ்சம் சாய்த்து, அந்த இரண்டு குழாய்களும் ஒன்றை ஒன்று குறுக்கே கடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கடக்காமல் பக்கத்துப் பக்கத்தில் ஓடினால் அதுதான் துப்பு.

ஃபீட்டல் எக்கோவில் இதயம் மட்டும்தான் வேலை. அரைமணி நேரம் கூட ஆகும், வால்வு, ரத்த ஓட்டத்தின் திசை, துடிப்பின் ஒழுங்கு எல்லாம் பார்ப்பார்கள். கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை இருந்தவர்கள், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்கள், ஐ.வி.எஃப். மூலம் கருத்தரித்தவர்கள், மூன்றாம் மாசம் எடுக்கும் என்.டி. ஸ்கேனில் கழுத்துப் பின்பக்க நீர் அதிகம் என்று வந்தவர்கள், குடும்பத்தில் ஏற்கெனவே பிறவி இதயக் குறை இருப்பவர்கள் இதைக் கட்டாயம் எடுக்கலாம். அப்புறம், அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டியவர்கள் டாக்டர் கேட்காவிட்டாலும் தாங்களே சொல்லிவிட வேண்டும். இந்தப் பட்டியலில் வராத தாய்மாருக்குத்தான் இதயக் குறையோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன என்பதால், மற்றவர்களும் ஐந்தாம் மாச ஸ்கேனில் "வெளியே போகும் ரெண்டு குழாயையும் பார்த்தீங்களா மேடம்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

வளைகாப்பு முடியட்டும் என்று மட்டும் தள்ளாதீர்கள். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி 24 வாரம் தாண்டினால், கடுமையான குறைக்கும் கர்ப்பத்தைக் கலைக்க மருத்துவ வாரியத்தின் அனுமதி வேண்டும். கர்ப்பத்தைத் தொடர்வதாக முடிவெடுத்தாலும் லாபம் உண்டு. டி.ஜி.ஏ. என்று முன்பே தெரிந்தால் குழந்தை இதய சிகிச்சை வசதி உள்ள இடத்திலேயே பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம், மகாதமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் டக்டஸ் என்ற சின்னக் குழாய் மூடாமல் இருக்க புரோஸ்டாகிளாண்டின் மருந்தை உடனே ஏற்றலாம்.

சரி, ஃபீட்டல் எக்கோ நார்மல் என்றால் கதை முடிந்ததா? இல்லை. மேலறைகளுக்கு இடையிலான திறப்பும் டக்டஸும் வயிற்றில் இருக்கும் எல்லாக் குழந்தைக்கும் திறந்துதான் இருக்கும், பிறந்த பிறகு மூடுமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சின்ன ஓட்டைகள் தப்பும். மகாதமனிச் சுருக்கம் டக்டஸ் மூடிய பிறகுதான் வெளிப்படும் என்பதும் உண்டு.

அதனால் டிஸ்சார்ஜுக்கு முன், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டிலும் 95 சதவீதம் அல்லது அதற்கு மேல், இரண்டுக்கும் வித்தியாசம் 3க்குள் என்றால் தேறிவிட்டது, 90க்குக் கீழே போனால் உடனே எக்கோ. மாநிறக் குழந்தைக்கு நீலம் பாய்வது தோலில் சட்டென்று தெரியாது, நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். இதிலும் மகாதமனிச் சுருக்கம் தப்பலாம். பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து, பாதியிலேயே களைத்து விட்டுவிடும் குழந்தையை, எந்த ரிப்போர்ட் நார்மலாக இருந்தாலும், எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி போன்ற இடத்தில் காட்டிவிட வேண்டும்.

பிறந்த பிறகு முதல் தேர்வு எக்கோதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கதிர்வீச்சு இல்லை, தொட்டில் பக்கத்திலேயே எடுக்கலாம், பல குழந்தைகளை அதை மட்டும் வைத்தே ஆபரேஷனுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். நுரையீரலுக்குப் போகும் கிளைகள், மகாதமனி வளைவு போன்றவை எக்கோவில் தெளிவாகத் தெரியாதபோது சி.டி. சில நொடிகளில் படம் தந்துவிடும், பதிலுக்குக் கதிர்வீச்சும் கான்ட்ராஸ்ட் மருந்தும் உண்டு. ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தும் கதீட்டர் சோதனையை இப்போது படத்துக்காக மட்டும் செய்வது குறைவு. நுரையீரல் அழுத்தத்தை அளக்கவும், ஓட்டையை டிவைஸ் வைத்து அடைக்கவும்தான் அது முக்கியமாகத் தேவைப்படுகிறது. எம்.ஆர்.ஐ.க்கு நேரம் பிடிக்கும், கைக்குழந்தைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். ஆனால் ஃபாலோ என்ற பிறவி இதயக் குறைக்குச் சின்ன வயதில் ஆபரேஷன் ஆன பிள்ளைகள் வளர்ந்த பிறகு, வலது கீழறை எவ்வளவு விரிந்திருக்கிறது, எவ்வளவு ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது என்று கணக்காகச் சொல்ல அதுதான் சிறந்தது. கதிர்வீச்சு இல்லாததால் சில வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப எடுக்கலாம், மூச்சை அடக்கு என்றால் அடக்கத் தெரிந்த வயது என்பதால் மயக்க மருந்தும் பெரும்பாலும் வேண்டியிருக்காது.