சென்னை – சான் பிரான்சிஸ்கோ: துபாயா, பிராங்க்பர்ட்டா?

சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே மிகக் குறுகிய வான்வழித் தூரமே ஏறக்குறைய 13,900 கி.மீ. நடுவில் எங்கேயாவது இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். தங்கச்சி பிரசவத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது துபாய், சிங்கப்பூர், பிராங்க்பர்ட் மூன்றையும் அலசிவிட்டு பிராங்க்பர்ட் வழியாகவே டிக்கெட் போட்டேன்.

தூரத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். துபாய் வழி சுமார் 16,000, சிங்கப்பூர் வழி 16,500, பிராங்க்பர்ட் வழி 16,750 கி.மீ. அதிகபட்ச வித்தியாசமே ஒரு மணி நேரப் பறப்புக்குள் அடங்கிவிடும். கட்டணம் சீசனுக்கேற்ப ஏறி இறங்கும். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் மூன்று வழியிலும் நடுவில் பெட்டியைத் தூக்கி அலைய வேண்டியதில்லை.

பார்க்க வேண்டியது, அந்தத் தூரம் எந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது என்பதைத்தான். துபாய் வழியில் முதல் விமானம் நான்கு மணி நேரம். சாப்பாடு வந்து தட்டை எடுத்துப் போவதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். அடுத்தது ஒரே மூச்சாகப் பதினாறு மணி நேரம். நான் முன்பு தனியாக அப்படிப் போயிருக்கிறேன். பாதி வழிக்கு மேல் படமும் பிடிக்காது, தூக்கமும் வராது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தாலே காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. மூட்டுவலிக்காரரான அம்மாவைப் பதினாறு மணி நேரம் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.

பிராங்க்பர்ட் வழியில் ஏறக்குறைய பத்து மணி நேரம், பிறகு பதினொன்றரை. பின்னிரவில் ஏறியதும் அம்மா தூங்கிவிட்டார். பிராங்க்பர்ட்டில் காலை. பல் துலக்கி, முகம் கழுவி, மிளகாய்ப்பொடி தடவிக் கொண்டுவந்த இட்லியை ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். வீங்கியிருந்த கணுக்கால், கொஞ்சம் நடந்ததும் வடிந்தது. காலை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஷன் சாக்ஸை இழுத்து விட்டுக்கொண்டு அடுத்த விமானத்துக்குத் தெம்பாகவே வந்தார். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்ததால் அங்கே விமானம் மாற தனி விசா தேவைப்படவில்லை.

சிங்கப்பூர் வழியில் நான் பறந்ததில்லை, அதனால் நேரக் கணக்கை மட்டும் சொல்கிறேன். அதுவும் துபாய் மாதிரிதான், நான்கும் பதினைந்துமாகப் பிரிகிறது. போகும்போது பசிபிக் மேல் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளும்; திரும்பும்போது அதே காற்று எதிரே நிற்பதால் பதினேழு மணி நேரம்கூட ஆகலாம்.

தனியாகப் போகும் இளவட்டம் என்றால், கட்டணம் கணிசமாகக் குறையும்போது துபாயைத் தாராளமாக எடுக்கலாம். பெரியவர்கள் என்றால் பிராங்க்பர்ட்தான் என் தேர்வு. ஆனால் பனிக்காலத்தில் அங்கே விமானங்கள் தாமதமாகும். இரண்டு விமானங்களுக்கும் இடையில் மூன்று மணி நேரமாவது விட்டு எடுங்கள். வீல்சேரையும் சைவச் சாப்பாட்டையும் டிக்கெட் போடும்போதே பதிந்துவிடுங்கள்.