பிரான்ஸின் பர்கண்டியில் வண்டித் தொல்லை இல்லாத இரு சைக்கிள் பாதைகள்

25 மி.மீ. டயர் போட்ட ரோடு சைக்கிள் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஜிவ்ரி–க்ளூனி பாதைதான். 1997-ல் பழைய ரயில் தடத்தின் மேல் போட்டது, நல்ல தார். ரயிலுக்கு அமைத்த சரிவு என்பதால் ஏற்றமே தெரியாது. சாலை குறுக்கிடும் இடங்களில் தடுப்புகள் உண்டு, வேகத்தைக் குறையுங்கள். க்ளூனிக்குத் தெற்கே 1.6 கி.மீ. நீள புவா கிளேர் சுரங்கம். கோடையிலும் உள்ளே சில்லென்றிருக்கும். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக அதை மூடிவிடுவார்கள், மேட்டில் ஏறித்தான் கடக்க வேண்டும்.

பர்கண்டிக் கால்வாய்க் கரை நெடும்பயணத்துக்கு: 242 கி.மீ., படகை ஏற்றி இறக்கும் மதகுகள் மட்டும் 189. அழகில் இதற்கே என் ஓட்டு. ஆனால் தார் முடிந்து சரளை வரும். மெல்லிய டயரில் காற்றும் குறைந்திருந்தால், கல்லில் ஏறும்போது ட்யூப் ரிம்மில் நசுங்கி அருகருகே இரண்டு ஓட்டை விழும். 32 மி.மீ. டயரும் இரண்டு மாற்று ட்யூபும் கொண்டுபோங்கள்.