மழைக்குத் தாங்கிய பை மட்டக்களப்புக்குத் தாங்கவில்லை

கல்முனை நண்பன் கேட்டிருக்கிறான்: "விலை குறைஞ்சிருக்கு மச்சான், எடுக்கலாமா?" பாறை ஏறுகிறவர்களைப் படம் எடுக்கப் போகும்போது நான் கொண்டு திரிகிற அதே கமராப் பை, முதுகுப்பக்கம் திறக்கிறது. லீற்றர், எடை, அறைக் கணக்கு எல்லாம் விளம்பரத்திலேயே இருக்கு. நான் ஸிப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

கறுப்புப் பூச்சு பூசின, தண்ணி புகாத ஸிப். பாதி விலை அதுக்குத்தான். தண்ணி புகவில்லை, அது உண்மை. மார்கழி மழையில் கிரானிலிருந்து குடும்பிமலைப் பக்கம் மோட்டார்சைக்கிளில் தொப்பலாக நனைந்து போயும் லென்ஸில் ஒரு துளி இல்லை. ஆனால் அடுத்த மாரி முடியுமுன் பூச்சு பிசுபிசுத்து விரலில் ஒட்டத் தொடங்கியது. மறுகா செதில் செதிலாக உரிந்தது. அது பொலியூரத்தேன்; சூடும் ஈரக்காற்றும் சேர்ந்தால் தானாகவே சிதையும். மழையில் நனைய வேண்டியதில்லை, அலுமாரிக்குள் பூட்டி வைத்தாலும் வாவிக் காற்றின் ஈரமே போதும். உரிந்த துகள் பைக்குள்ளேதான் கொட்டும். பாறையில் கயிற்றில் தொங்கிக்கொண்டு லென்ஸ் மாற்றும்போது ஒன்று கமராவுக்குள் படம் பதிகிற சென்சரில் போய் உட்கார்ந்தால், அன்றைக்கு எடுத்த வானம் எல்லாத்திலும் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி. பாறைப்படத்தை மட்டும் நம்பிச் சோறு தின்ன ஏலாது என்பதால் கல்யாண வீடு, சாமத்திய வீட்டுக்கும் இதே பைதான். அங்கே வெள்ளை விரிப்பில் இது கொட்டிய அழகை மணமகளின் பெரியம்மா இன்னும் மறக்கவில்லை.

வாங்கிய இடத்தில் கேட்டேன். உத்தரவாதம் தையலுக்கு மட்டுமாம், ஸிப் "தேய்மானம்" ஆம். தேய்ந்தால் தேய்மானம். சும்மா இருந்து உருகினால் அதுக்கு என்ன பெயர்?

கோபத்தை ஒரு பக்கம் வைக்கிறேன். கீழே நின்று எடுத்தால் ஏறுகிறவனின் பின்பக்கம்தான் படத்தில் விழும். முகமும் கை பிடிக்கிற இடமும் வேண்டுமென்றால் நாம் முதலே சுற்றுவழியால் மேலே போய், இழுபடாத ஸ்டற்றிக் கயிறு கட்டி, அவன் வருமுன் பாறை நடுவில் தொங்க வேண்டும். பையை முதுகில் போட்டுத் தொங்கினால் ஆளைப் பின்னுக்குச் சாய்க்கும். அதனால் இடுப்பில் கட்டுகிற ஹார்னஸில் கொளுவித் தொங்கவிடுவோம். அப்போதுதான் இந்தப் பையின் அருமை விளங்கும். தொங்கும்போது நேராக நிற்கும், திறக்கிற பக்கம் என்னைப் பார்த்திருக்கும், மூடி பாதியிலேயே நிற்கும், ஒன்றும் சரியாது. உள்ளே ஒவ்வொரு சாமானையும் மெல்லிய கயிற்றால் கட்டி வைக்க வளையங்கள் இருக்கு. கீழே ஆள் ஏறிவரும்போது லென்ஸ் மூடி விழுந்தாலே அது கல்தான். இடுப்புப்பட்டி மட்டும் ஹார்னஸோடு உராயும். கழற்றி வீட்டில் போட்டுவிட்டேன்.

போன கிழமை, டவுணில் பள்ளிக்கூடப் பை தைக்கிற ஐயாவிடம் கொடுத்தேன். ஸிப்பை விரலால் தேய்த்துப் பார்த்து, "மனே, இந்தப் பூச்சுப் பூசினது நம்மட ஊருக்குச் சரிவராது" என்றார். சாதாரண நைலோன் ஸிப் வைத்து, பல்லில் மெழுகுதிரியைத் தேய்த்துத் தந்தார். ஸிப்பை இழுக்கிற பழைய ஸ்லைடர் அறுகம்பை உப்புக்காற்றில் வெள்ளை பூத்து இறுகிக் கிடந்தது, அதையும் மாற்றினார். 1800 ரூபா. இப்போது ஒற்றைக் கையால் திறக்கலாம். மழை புகும், அதுக்கு லென்ஸைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொள்கிறேன்.

எடுக்காதே மச்சான். ஸிப்புக்கென்று அவ்வளவு காசு கேட்டுவிட்டு அந்த ஸிப்பையே ஒழுங்காகச் செய்யாதவர்களுக்கு நம்மட காசு போகத் தேவையில்லை. என்னுடையதைத் தருவியா என்றும் கேட்டிருக்கிறாய், தரமாட்டேன். பாவித்த ஒன்று அரைவிலைக்கு எங்கேயும் கண்டால் எனக்குச் சொல்லு. பூச்சு உரிந்திருந்தால் இன்னும் நல்லது, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.