பழைய தோலுக்கு நிறமேற்ற: பாலிஷா, சாயமா, பெயின்டா?

வெளுத்துப்போன தோல் பையையோ ஷூவையோ வீட்டிலேயே பழைய நிறத்துக்குக் கொண்டுவர நினைப்பவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: நிறமுள்ள கிரீம் அல்லது மெழுகு பாலிஷ், ஸ்பிரிட்டில் கரைத்த சாயம், நீரில் கலந்த அக்ரிலிக் பெயின்ட். மூன்றுமே தோலுக்கு நிறம் தருபவைதான் என்றாலும், அவை போய்த் தங்கும் இடம் வெவ்வேறு. பாலிஷ் மேலே படிகிறது. சாயம் நாருக்குள் இறங்குகிறது. பெயின்ட் மெல்லிய ஏடாகப் பரவி இறுகுகிறது. இந்த வேறுபாட்டைப் பாராமல் விலையையும் நிறத்தையும் மட்டும் பார்த்து வாங்கினால், நல்ல பொருளும் கெட்டுப்போகும்.

ஆகவே கடைக்குப் போகும் முன், பொருளின் மறைவான ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். சொட்டு உள்ளே இறங்கி அந்த இடம் கருத்தால், தோலின் மேல் பூச்சு இல்லை, அல்லது இருந்த பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள். சொட்டு முத்துப்போல் உருண்டு நின்றால் தொழிற்சாலைப் பூச்சு இன்னும் உயிரோடிருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிச் சாலையோரங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரைதான் ஒரு காலத்தில் தமிழ்நாட்டுத் தோல் பதனிடும் தொழிலுக்குப் பட்டை கொடுத்தது. அப்படித் தாவரப் பட்டையில் பதனிட்டுப் பூச்சில்லாமல் விட்ட தோல் எதையும் தாகத்தோடு குடிக்கும். இன்று ஷூவுக்கும் சோபாவுக்கும் வரும் தோலில் பெரும்பகுதி குரோம் உப்பில் பதனிட்டு, மேலே நிறப்பூச்சு ஏற்றியது. அது குடிக்காது.

சாயம் வெல்வதும் தோற்பதும் இந்த இடத்தில்தான். குடிக்கும் தோலில் அதற்கு இணை கிடையாது: நாரோடு ஒன்றிவிடுவதால் உரியாது, மடிப்பில் வெடிக்காது, தோலின் இயல்பான வரிகளையும் மறைக்காது. ஆனால் இருக்கும் நிறத்தைக் கருமையாக்க மட்டுமே அதால் முடியும். கறுப்பைப் பழுப்பாக்க முடியாது. ஸ்பிரிட் தோலை உலர்த்திவிடுவதால் பிறகு தோலை இளக்கும் கண்டிஷனர் தடவியே ஆக வேண்டும். பெல்ட்டுக்குச் சாயம் போட்டால், மிஞ்சிய தூள் துணியில் ஒட்டாதவரை துடைத்துத் தேய்த்து, மேலே காப்புப் பூச்சும் கொடுக்க வேண்டும்; இல்லையென்றால் வெள்ளைச் சட்டை காட்டிக்கொடுத்துவிடும்.

நில அளவைப் பணியில் இருந்த என் தந்தையின் பழுப்புத் தோல் பையில் நான் முதலில் சாயத்தைத்தான் பயன்படுத்தினேன். இருபது ஆண்டுகள் கை பட்டுப் பட்டு மூடியின் மடிப்பு மட்டும் பூச்சிழந்து, மான்தோல்போல் மெத்தென்று நார் தெரிந்தது. சாயம் பட்டதும் அந்த மடிப்பு ஒரே உறிஞ்சில் கரும்பழுப்பானது. இரண்டு விரற்கடை தள்ளி, பூச்சிருந்த இடத்திலோ சாயம் திட்டுத்திட்டாய்த் திரண்டு நின்று, துடைத்ததும் துணியோடு வந்துவிட்டது. சாயத்தின் மேல் எனக்குக் குறையில்லை. பாதி குடித்து பாதி குடிக்காத தோலுக்கு அது ஏற்றதல்ல, அவ்வளவுதான்.

அத்தகைய பைக்கும் சோபாவுக்கும் அக்ரிலிக் பெயின்டே சரி என்பது என் முடிவு. வெளிர் நிறத்தைக்கூட அது கொடுக்கும். இரண்டு வகைப் பரப்பையும் ஒரே நிறமாக்கும். உழைப்பு அதிகம் என்பதே அதன் குறை. மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் ஒரு நாள் உலரவிட்டு, நகப்பூச்சை அழிக்கப் பயன்படும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுப் பழைய மெழுகையும் பளபளப்பையும் எடுக்க வேண்டும். இந்த ஒரு வேலையில் சோம்பினால் பெயின்ட் ஏடு ஏடாக உரியும். பிறகு ஸ்பாஞ்சில் சிறிதளவே எடுத்து, ஒவ்வொரு முறையும் உலரவிட்டு, நான்கைந்து மெல்லிய பூச்சுகள் கொடுத்து, இறுதியில் மேற்பூச்சு இட வேண்டும். அக்ரிலிக் உலர்ந்தால் சற்றுக் கருக்கும். எனவே கலந்த நிறத்தை ஒரு துண்டுத் தோலில் தடவி, காய்ந்த பின்பே ஒப்பிட வேண்டும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் பெயின்ட் ஸ்பாஞ்சிலேயே காய்ந்து தடம் விழும் என்பதால் அதிகாலையில் செய்வது நல்லது.

ஷூவுக்கு இந்த முடிவு பொருந்தாது. நடக்கும்போது விரல்களுக்கு மேலுள்ள தோல் அடிக்கு அடி மடிவதால் தடித்த பெயின்ட் அங்கே வெடிக்கும். நிறமுள்ள கிரீமே அதற்குப் போதும்: எண்ணெயும் மெழுகும் நிறமியும் சேர்ந்த அது, ஷூவின் வெளுத்த முன்முனையை ஓரளவு மூடி, தோலையும் இளக வைக்கும். டப்பா மெழுகு பாலிஷ் பளபளப்புக்கானது. அதில் நிறம் குறைவு, அடுக்கடுக்காக ஏறினால் அதுவும் வெடிக்கும். கிரீம் மாதக்கணக்கில்தான் நிற்கும் என்பதால் திரும்பத் திரும்பப் பூச வேண்டும்.

நான்காவது வழியாகப் பல வீடுகளில் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். 24 டிகிரிக்குக் கீழே உறையும் எண்ணெய் அது. ஓசூரின் மார்கழிக் காலைகளில் புட்டியில் வெள்ளையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தடவியவுடன் வரும் செழுமையான நிறம், எண்ணெய் ஊறியதால் வந்த கருமையே ஒழிய நிறமேற்றம் அல்ல. தூசியும் ஒட்டும், பிற்பாடு பெயின்ட் அடித்தால் பிடிக்காது. உரிந்துபோன ரெக்சினுக்கோ எந்த வழியும் உதவாது. தையல் பிரிந்திருந்தால், நிறமேற்றும் முன்பே செருப்பு தைப்பவரிடம் கொடுத்து வாங்கிவிட வேண்டும்.

தந்தையின் பைக்குச் சாயத்தைத் துடைத்து, அசிட்டோன் போட்டு, ஐந்து பூச்சுப் பெயின்ட் கொடுத்தேன். பூட்டுத் தகட்டின் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் எதுவும் தடவாமல் விட்டிருக்கிறேன். அடுத்த முறை நிறம் கலக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பழைய பழுப்பு அங்கே இருக்கும்.